இறங்கிப் பார்க்காத ஜில்லா

சென்னைக்கும் பெங்களூருக்கும் மோட்டாரில் போய் வருகிறவர் எவரையேனும் பிடித்து, "கிருஷ்ணகிரி ஜில்லாவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "சுங்கச் சாவடி பார்த்தோம், வெகு நேரம் பார்த்தோம்" என்பார். கொஞ்சம் ரஸிகராயிருந்தால், இரு புறமும் மொட்டைக் குன்றுகள் தெரிந்தன என்றும், சாலையோர ஓட்டலில் காப்பி சுமார் என்றும் சேர்த்துக் கொள்வார். இந்த ஜில்லாவுக்கு ஏற்பட்ட தலைவிதி இதுதான்: எல்லோரும் இதன் வழியாகப் போகிறார்கள், இதற்கென்று யாரும் வருவதில்லை.

வழிப்போக்கர்களைச் சொல்லி என்ன பயன்? இங்கேயே முப்பது, நாற்பது வருஷம் குடியிருப்பவர்களின் சமாசாரம் அதைவிட வேடிக்கையானது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1980-ல் இருவர் ஏறிச் செல்லக்கூடிய 'டிவிஎஸ் 50' மொபெட் இங்கிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளையெல்லாம் பிடித்துக் கொண்டது. பிறகு லாரி வந்தது, கைக்கடிகாரம் வந்தது. ராகி விளைந்த செம்மண்ணில் யந்திரங்கள் முளைத்தன. அந்த யந்திரங்களோடு மல்லுக்கட்டுவதற்காகத் தென் ஜில்லாக்களிலிருந்து தகரப் பெட்டியும் கையுமாய் வந்து இறங்கிய இளைஞர்களில் நாமும் ஒருவர். வந்தோம், வேலை பார்த்தோம், கடன் வாங்கி வீடு கட்டினோம், தலை நரைத்து ஓய்வும் பெற்றோம். ஆயினும், "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் ஓசூர் என்று சொல்வதில்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த நம் குமாரன்கூட, "அம்பாசமுத்திரம்" என்பான். அவன் அம்பாசமுத்திரத்தில் கழித்த நாட்களை ஒன்றாகக் கூட்டினால் இரண்டு மாதம் தேறாது!

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் இந்த ஊர் ஜனங்கள் நாற்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூருக்குப் படையெடுப்பார்கள். அங்கே கண்ணாடி மாளிகைகளில் உள்ள கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ்கிரீம் தின்று, இரவு பத்து மணிக்குச் சாலை நெரிசலில் சிக்கித் திரும்புவார்கள். இதற்கு உல்லாசப் பிரயாணம் என்று பெயர்.

சென்ற வருஷம் நம் வீட்டில் ஒரு பிரச்னை எழுந்தது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் குமாரன், "ஓசூர் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள், அப்பா! இங்கே என்ன இருக்கிறது?" என்றான். வீட்டு அம்மாள் பாதி மனத்தோடு அவன் கட்சியில் சேர்ந்தாள். வீட்டுத் தரகர் ஒருவர் இரண்டு முறை வந்து, மனையை அடியால் அளந்துவிட்டும் போனார். நாம் ஏதாவது சொல்ல வாய் திறந்தால், "இங்கே என்ன இருக்கிறது?" என்ற அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. இந்தச் சந்தர்ப்பத்தில்தான் டிசம்பர் விடுமுறைக்கு, இங்கிலாந்தில் கோவெண்ட்ரி நகரத்தில் வசிக்கும் மைத்துனர், தம் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அழைத்துக் கொண்டு வந்து சேர்ந்தார்.

மைத்துனர் வந்த அன்றே தம் ஊர்ப் பெருமையை ஆரம்பித்துவிட்டார். அவர் ஊரை ஒட்டியுள்ள வாரிக்‌ஷயர் என்னும் ஜில்லாவில் வாரம் ஓர் இடமாகப் பார்த்தாலும் வருஷம் போதாதாம். குழந்தைகளுக்கு ஒன்று, கிழவர்களுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று, வெயில் நாளுக்கு ஒன்று என்று வகை பிரித்துப் புத்தகமே போட்டிருக்கிறார்களாம். "அத்தான்! எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கெனில்வொர்த் கோட்டைதான்" என்றார்.

நமக்கு ஏற்பட்ட குதூகலத்தை அடக்க முடியவில்லை. "கெனில்வொர்த்தா? அது நம் ஊரிலேயே ஒன்று இருந்ததே!" என்றோம். மைத்துனர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படியெல்லாம் ஏற்படுவதுண்டு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் விஷயம் என்னவோ வாஸ்தவந்தான். ஓசூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெட் என்ற துரை சேலத்தில் கலெக்டராயிருந்தார். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரின் குளிர்ச்சி அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கெனில்வொர்த் கோட்டையின் மாதிரியில் இங்கே ஒரு மாளிகை கட்டிக் கொண்டார். அந்த ஊர்ப் பெண்ணை மணந்தவர் என்றும், "எங்கள் ஊர்க் கோட்டையைப் போல் கட்டினால்தான் இந்தியாவுக்கு வருவேன்" என்று அந்த அம்மாள் நிபந்தனை போட்டாள் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, மனைவிக்காக வீடு கட்டிக் கடனில் மூழ்குகிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று நினைக்க ஓர் ஆறுதல்!

மறுநாள் காலை நால்வருமாக ராமநாயக்கன் ஏரிக்கரைக்கு நடந்தோம். மாளிகை என்று சொல்லத்தக்கதாக இன்று அங்கே ஒன்றுமில்லை. மைத்துனர் சிரிக்கவில்லை, சொல்லப் போனால், அவர்தான் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். அசல் கெனில்வொர்த்தும் முழுக் கோட்டை அல்லவாம். 1575-ல் எலிஸபெத் ராணி பத்தொன்பது நாள் தங்கி விருந்துண்ட அந்த இடத்தை, அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு இடித்துப் போட்டுவிட்டார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த பெரிய ஏரியையும் வடித்துவிட்டார்கள். 1821-ல் ஸர் வால்டர் ஸ்காட் அதை வைத்து ஒரு நாவல் எழுதியதும், ஜனங்கள் இடிந்த சுவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தார்கள். இன்றும் சீட்டு வாங்கிக் கொண்டு போகிறார்கள். ஆக, அங்கே ஏரி போய்க் கோட்டையின் எலும்புக்கூடு மிஞ்சியது. இங்கே கோட்டை போய் ஏரி மிஞ்சியது. "அங்கே இருப்பது சுவர் மட்டுமல்ல, அத்தான். இந்தச் சுவர் இன்னது என்று சொல்ல ஒரு பலகை, உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தேநீர். பாதி ரகசியம் அதுதான்" என்றார் மைத்துனர். ராமநாயக்கன் ஏரிக்கரையில், இங்கே இன்ன மாளிகை இருந்தது என்று சொல்லும் பலகை ஒன்றும் நம் கண்ணில் படவில்லை.

அன்று மாலை சந்திரசூடேசுவரர் மலைக் கோவிலுக்கு ஏறினோம். சிவபெருமான் உடும்பு வடிவம் எடுத்து அம்பிகைக்குப் போக்குக் காட்டிய ஸ்தலம் இது. அம்பாளுக்கு மரகதாம்பாள் என்று திருநாமம். உடும்புக் கதையைக் கேட்ட குழந்தைக்கு ஸ்வாமியின் மேல் பக்தியோடு சிநேகமும் ஏற்பட்டுவிட்டது. பிராகாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்தன. படியில் பூ விற்ற கிழவி நம்மிடம் தமிழில் விலை சொல்லி, பக்கத்துக்காரியிடம் தெலுங்கில் சண்டை போட்டு, கன்னடத்தில் சில்லறை கேட்டாள். மூன்று பாஷை கற்பதைப் பற்றிக் கட்சி கட்டிப் பேசுகிறவர்கள் இந்தக் கிழவியிடம் ஒரு நாள் பூ வாங்கலாம்.

தொரப்பள்ளிக்குப் போனது மூன்றாம் நாள். 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த கிராமம். தகப்பனார் அந்த ஊர் முனிசீப். பிறந்த வீட்டை அரசாங்கத்தார் நினைவில்லமாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். வீடு சிறியது, உள்ளே படங்கள், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்குள் வீடு முடிந்துவிடுகிறது. இந்த வீட்டில் தவழ்ந்த குழந்தை, 1948 ஜூனில் கவர்னர்-ஜெனரலாகி டில்லியில் 340 அறைகளுள்ள மாளிகையில் போய் இருந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் மயக்கமாகத்தான் இருக்கிறது. பலமான காவல், கெடுபிடி ஒன்றுமில்லை. நாம் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

மைத்துனர் அங்கே ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அதுவும் வாரிக்‌ஷயரில் ஸ்ட்ராட்போர்டு என்னும் ஊரில்தான் இருக்கிறது. 1847-ல் அந்த வீடு ஏலத்துக்கு வந்ததாம். அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் அதை அப்படியே பெயர்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று வதந்தி கிளம்ப, பொதுஜனங்கள் பணம் திரட்டி 3,000 பவுனுக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். "ஏலத்துக்கு வரும் வரையில் அவர்களும் சும்மாத்தான் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே!" என்றாள் வீட்டு அம்மாள். அந்த வார்த்தையை நாம் மனத்துக்குள் குறித்து வைத்துக் கொண்டோம். விற்பனை என்ற பேச்சு எழுந்த பிறகுதான் ஒரு வீட்டின் அருமை தெரிகிறது என்பது அவள் வாயாலேயே வந்துவிட்டதல்லவா?

நிற்க. தளியைப் பற்றி ஒரு வார்த்தை. மலைகளுக்கு நடுவே குளுகுளுவென்றிருக்கும் அவ்வூருக்கு வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குக் குட்டி இங்கிலாந்தைக் காட்ட வேண்டும் என்று நாம் ஏற்பாடெல்லாம் செய்தாயிற்று. ஆனால் ராகி முற்றுகிற காலம் அது. பன்னேர்கட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, தளியையும் சானமாவுக் காட்டையும் ஒரு கை பார்க்கிற பருவம். முதல் நாள் மாலை, "சாலைப் பக்கம் யானை நிற்கிறது, வராதீர்கள்" என்று அங்குள்ள சிநேகிதர் போன் செய்தார். யானைகள் கேட்டால், "இது எங்கள் பூர்வீகப் பாதை, நடுவில் சாலை போட்டவர் யார்?" என்று திருப்பிக் கேட்கும். பயிரைப் பறிகொடுக்கும் குடியானவனைக் கேட்டால் அவன் நியாயம் வேறு. இரவில் தீப்பந்தத்துடன் காவல் இருந்து உயிரையே இழந்தவர்கள் உண்டு. உல்லாசப் பிரயாணிகளாகிய நாம் இந்த வழக்கில் குறுக்கே போகாமல் வீட்டிலிருந்தோம். பக்கத்து வீட்டு ரெட்டியார் அம்மாள் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். மைத்துனர் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு மாலை வரை தூங்கினார்.

ராயக்கோட்டைக்கு ரெயிலில் போனோம். ஓசூருக்கு ரெயில் உண்டு; ராயக்கோட்டைக்கும் உண்டு; ஜில்லாவின் தலைநகரமாகிய கிருஷ்ணகிரிக்கு இல்லை! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து அங்கே ஒரு சின்ன ரெயில் ஓடிற்று. 1940-களுக்குள் அதைக் கட்டி வைத்துவிட்டார்கள். போகட்டும். ராயக்கோட்டை தக்காளிச் சந்தைக்குப் பேர் போனது. ஸ்டேஷனை விட்டு இறங்கினதும் தக்காளிக் கூடைகளுக்கு மேல் தலை நிமிர்ந்து நிற்கும் கோட்டை மலைதான் கண்ணில் படுகிறது.

நம் முழங்கால் அனுமதித்த வேகத்தில் ஏறினோம். இந்த மலைச் சீமைக்குப் பாராமகால் என்று பழைய பெயர். பன்னிரண்டு கோட்டைகள் இருந்த நாடு என்று அர்த்தம் சொல்வார்கள். மைசூர்ப் பீடபூமிக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே உள்ள கணவாய்களுக்கு இந்தக் கோட்டைகள்தாம் பூட்டும் சாவியும். திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில், 1791 ஜூலையில், கும்பினிப் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. படைகளுக்கெல்லாம் தலைவர் காரன்வாலிஸ் பிரபு. பத்து வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்தாரே, அவரேதான்! அதே வருஷம் நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் கிருஷ்ணகிரிக் கோட்டையை ஏறிப் பிடிக்க முயன்று, மேலிருந்து உருண்ட பாறைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திரும்பினார். 1792-ல் சமாதானம் ஏற்பட்டது. பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. காப்டன் ரீட் கலெக்டரானார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர்தான் தாமஸ் மன்றோ. குடியானவனிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் பழகிப் பார்த்துத்தான் பிறகு மாகாணமெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் நிலவரி கட்டிய பாட்டனார் எவருக்கும் இந்த ஜில்லாவோடு ஒரு சம்பந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

உச்சியில் இடிந்த கட்டடங்களும், பாறையில் தேங்கிய நீரும், அபாரமான காற்றும் இருந்தன. கீழே ரெயில் ஒன்று குழந்தையின் விளையாட்டுச் சாமான் போல் ஊர்ந்தது. அறுவடையான ராகி வயல்களில் போர்கள் வட்ட வட்டமாய்த் தெரிந்தன. அன்று எங்களுடன் வந்திருந்த குமாரன் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "அப்பா, இந்த இடம் ரெயிலில் எவ்வளவு நேரம்? ஒரு மணி கூட இல்லையே?" என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. சிற்சில சமயங்களில் தகப்பனார்கள் வாயை மூடிக் கொண்டிருப்பது நல்லது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அந்தப் பாறைமேல் ஸ்திரீகள் ஒதுங்க ஓர் இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை என்பதை மட்டும் வீட்டு அம்மாள் காட்டமாகத் தெரிவித்தாள். நியாயமான புகார், சம்பந்தப்பட்டவர்கள் காதில் விழட்டும்.

கடைசியாக மல்லச்சந்திரம். இந்தப் பிரயாணங்களில் நம் மனத்தை விட்டு இன்னும் அகலாதது இதுதான். ஒரு குன்றின் மேல், கற்பலகைகளை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய பாறைப் பலகையைக் கூரையாக ஏற்றிய கல்வீடுகள் கூட்டமாய் நிற்கின்றன. சிலவற்றின் பலகையில் ஆள் தலை நுழைகிற அளவில் வட்டமாக ஒரு துவாரம். சுற்றிலும் நிறுத்திய கற்கள் காவல் நிற்கின்றன. இம்மாதிரிக் கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் தமிழ்நாட்டில் சொல்வதுண்டு. புராதன ஆராய்ச்சியாளர்கள் இவை இறந்தவர்களின் நினைவாக எழுப்பிய பெருங்கற்காலச் சின்னங்கள் என்கிறார்கள்.

குழந்தை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எண்ணத் தொடங்கினாள். "மாமா! எங்கள் ஊருக்குத் தெற்கே ராலரைட் என்ற இடத்தில் கற்கள் வட்டமாக நிற்கின்றன. ராஜாவும் சேனையும் சூனியக்காரியின் சாபத்தால் கல்லானார்களாம். எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும்" என்றாள். இங்கேயும் அவள் கணக்கு ஒன்றாகவும், நம் கணக்கு வேறாகவும் வந்தது. ஆனால் இங்கே காரணம் சூனியமல்ல. சில வீடுகள் சரிந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கூரை இல்லை. பலகை உடைந்து சிதறிக் கிடந்த இடத்தை வீடு என்று சேர்ப்பதா, வேண்டாமா என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

குமாரன் யந்திரப் பொறியாளன். அவன் ஒரு கூரைப் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக் கொண்டு, "எந்த ஆயுதத்தால் பிளந்தார்கள்?" என்றான். அப்போது நாம் மயிலாடும்பாறையைப் பற்றிச் சொன்னோம். இதே ஜில்லாவில் பர்கூர்ப் பக்கம் உள்ள அந்த இடத்தில் அகழ்ந்தெடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், கி.மு. 2172-லேயே இங்கு இரும்பு புழங்கியது என்று தெரிய வந்தது. 2022-ல் சட்டசபையில் அதை அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் இரும்பு அடித்திருக்கிறார்கள். நாம் 1980-களில் வந்து ஏதோ புதிதாகத் தொழிற்சாலை வைத்ததாக நினைத்துக் கொண்டிருக்கிறோம்! "அப்படியானால் நாம் இங்கே இரண்டாவது ஷிப்டு" என்றான் குமாரன்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் தொலைவில் எங்கேயோ டமார் என்று ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இந்த ஜில்லாவின் கருங்கல் உலகப் பிரசித்தமானது. அயல்நாட்டு மாளிகைகளுக்குத் தளம் போடக் கப்பல் ஏறுகிறது. கல்லை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பிளக்கலாகாத கல் எது என்பதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். அந்தக் கோட்டைக் காக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கண்ணை மூடினால் கேட்க, வாரம் நாலு குடும்பமாவது அந்தக் குன்றுக்குப் போய் வர வேண்டும். ஜனங்கள் காலடி படாத இடத்தில் வெடிமருந்து தைரியமாக நுழைகிறது. மைத்துனர் எங்கே சீட்டு வாங்குவது என்று ஏறும்போதே தேடினார். பணம் வாங்கிக் கொள்ளக்கூட அங்கே ஆளில்லை.

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி அணையைப் பார்த்தோம். காமராஜர் முதல் மந்திரியாயிருந்த 1950-களில் தென்பெண்ணைக்குக் குறுக்கே எழுந்த அணை அது. 2017-ல் மதகு ஒன்று உடைந்ததையும், பிறகு சரி செய்ததையும் பற்றி அங்குள்ள மீன்காரர் விஸ்தாரமாகச் சொன்னார். சொல்லிக் கொண்டே வறுத்துக் கொடுத்த மீனை மைத்துனரும் குழந்தையும் ஒரு கை பார்த்தார்கள். மாங்காய்ப் பருவமல்லாதது ஒன்றுதான் குறை. ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியைப் பற்றி நாம் வர்ணித்ததில், மைத்துனர் விமான டிக்கட் விலையை அங்கேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் ஊருக்குப் போய் மூன்று நாள் ஆகியிருக்கும். வீட்டுத் தரகர் மூன்றாம் முறையாக வந்தார். நல்ல விலைக்கு ஒரு கிராக்கி அகப்பட்டிருப்பதாகவும், தை பிறந்ததும் முன்பணம் கொடுக்கத் தயார் என்றும் சொன்னார். நாம் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வீட்டு அம்மாள் குரல் கொடுத்தாள்:

"இன்னும் தளி பார்க்கவில்லை. யானைகள் திரும்பிப் போகட்டும், அப்புறம் வாருங்கள்!"